இன்னும் இரண்டு அடைப்புகள்

அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியை நான் வரி விடாமல் படித்தது, மாரடைப்புக்குச் சிகிச்சை முடிந்து அவர் வீடு திரும்பி 18 நாட்கள் ஆன பிறகுதான். மருந்துக் கடையில் ஒரு மாத்திரையின் பெயரைக் காட்டுவதற்காக உறையிலிருந்து தாளை எடுத்தபோது, இரண்டாம் பக்கத்தின் நடுவில், இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனிகளைப் பற்றிய மூன்று வரிகள் கண்ணில் பட்டன. வலது கரோனரித் தமனியில் 100 சதவீத அடைப்பு, ஸ்டென்ட் (தமனியை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய்) பொருத்தப்பட்டது. இடது முன்புறத் தமனியின் நடுப்பகுதியில் 60 சதவீதம். சுற்றுத் தமனியின் கிளை ஒன்றில் 75 சதவீதம். பின்னிரண்டுக்கும் எதிரே எதுவும் எழுதப்படவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது "அடைப்பை எடுத்தாச்சு, இனி பயமில்லை" என்று சொல்லியிருந்தார்கள். எடுத்தது ஒன்று, இருந்தது மூன்று என்பதை யாரும் சொல்லவில்லை. அந்த மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அப்பாவின் உயிரைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான் என்ற நன்றியும், அந்த இரண்டு வரிகளுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியிருக்கலாமே என்ற வருத்தமும் எனக்குள் ஒன்றாகவே இருக்கின்றன.

தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம் உண்டு. ஒரு பகுதியில் மாமரங்கள், மீதியில் தக்காளி. தை மாதப் பனியில், விடியற்காலை 4 மணிக்கு மோட்டார் போட எழுந்த அப்பா திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு வலிக்கவில்லை என்றுதான் சொன்னார். மேல்வயிற்றில் எரிச்சல், குமட்டல், அந்தக் குளிரிலும் சட்டை நனையும் அளவுக்கு வியர்வை. வாயு என்று நினைத்து அம்மா ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். வலது கரோனரித் தமனி அடைபட்டால் பெரும்பாலும் இதயத்தின் கீழ்ச்சுவர் பாதிக்கப்படும், அது பலருக்கு வயிற்று உபாதையைப் போலவே வெளிப்படும் என்பதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இசிஜி எடுத்த செவிலியர் அதைப் பார்த்த மாத்திரத்தில் மருத்துவரை அழைத்தார். 14 மாத்திரைகளை ஒன்றாகக் கொடுத்து விழுங்கச் சொன்னார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. 2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் மாத்திரைகள் அவை. 108 ஆம்புலன்ஸ் ராயக்கோட்டை வழியாக ஓசூர் சாலையைப் பிடித்தது. விடிந்து சற்று நேரத்தில் வலது தமனி திறக்கப்பட்டுவிட்டது.

தமனிகளைப் படம்பிடித்துச் சிகிச்சை செய்யும் அறையான கேத் லேபுக்கு வெளியே நின்றிருந்த என்னை உள்ளே கூப்பிட்டுத் திரையில் படத்தைக் காட்டினார்கள். பாதி வழியில் வெட்டிவிட்ட கிளைபோல நின்றிருந்த தமனி, அடுத்த படத்தில் அடிவரை நிறைந்து தெரிந்தது. அதைப் பார்த்த நிம்மதியில் மற்றத் தமனிகளைப் பற்றி ஒரு கேள்விகூட எனக்குத் தோன்றவில்லை. இதை என் பங்குக் குறையாகவும் சொல்லியாக வேண்டும்.

பிறகு விசாரித்தபோது தெரிந்தது, அப்பாவின் நிலை அபூர்வமானதே அல்ல. முழு அடைப்பால் மாரடைப்பு ஏற்பட்டு வருபவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, அன்றைய மாரடைப்புக்குக் காரணமான தமனியைத் தவிர வேறு தமனிகளிலும் குறிப்பிடத்தக்க சுருக்கம் இருக்கிறது. சாயமருந்து செலுத்தித் தமனிகளைப் படம் எடுக்கும் ஆஞ்சியோ செய்யாதவரை அது தெரியாது. கோவையைச் சேர்ந்த இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளைக் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து, 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. அந்த இணைப்புக்குப் பிறகு ஆஞ்சியோ செய்துகொண்டவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தார்கள். ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. ஆஞ்சியோ பெருகினால், 'இன்னும் இரண்டு இருக்கிறது' என்ற செய்தியும் பெருகத்தான் செய்யும். எங்கள் ஊர் டீக்கடையில் இப்போது யாருக்கு எத்தனை அடைப்பு, எத்தனை சதவீதம் என்ற கணக்கு, தக்காளி கிரேட் விலையைப் போலப் பேசப்படுகிறது.

அன்றைக்கே மூன்றையும் சரிசெய்திருக்கலாமே என்றுதான் உறவினர்கள் எல்லோரும் கேட்டார்கள். காப்பீட்டு அட்டை இருந்தது, மருத்துவர் இருந்தார், கம்பி உள்ளே போயிருந்தது, பிறகென்ன என்பது சித்தப்பாவின் வாதம். இதற்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது. இரத்த அழுத்தம் விழுந்து, இதயம் அதிர்ச்சி நிலைக்குப் போய்விட்டவர்களிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்வது கெடுதல் என்பது 706 பேரிடம் நடந்த கல்ப்ரிட்-ஷாக் ஆய்வில் 2017-இல் தெரியவந்தது. காரணமான தமனியை மட்டும் திறந்தவர்களில் 45.9 சதவீதம் பேரும், எல்லாவற்றையும் உடனே சரிசெய்தவர்களில் 55.4 சதவீதம் பேரும் 30 நாட்களுக்குள் இறந்தார்கள் அல்லது டயாலிசிஸ் தேவைப்படும் நிலைக்குப் போனார்கள். அதிர்ச்சி நிலை இல்லாதவர்களுக்கு அன்றே செய்வதும் தகும் என்று 2023-இல் வந்த மல்டிஸ்டார்ஸ் ஆய்வு காட்டியது. அப்பாவுக்கு இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சற்றுக் கூடியிருந்தது. சாயமருந்தின் சுமையை மேலும் ஏற்றாமல் அன்று நிறுத்திக்கொண்டது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். என் மனக்குறையெல்லாம், நிறுத்தியதை எங்களிடம் சொல்லாமல் விட்டதைப் பற்றியதுதான்.

தாளைப் படித்த மறுநாளே, தொப்பூர்க் கணவாயைக் கடந்து சேலத்தில் ஓர் இதய மருத்துவரைப் பார்க்கப் போனோம். அவர் ஆஞ்சியோ சிடியைக் கணினியில் போட்டு, ஒரே காட்சியை ஐந்தாறு முறை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் என்று தெரிந்ததும், "அப்ப உங்களுக்கு இது சுலபம் சார்" என்று தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு குழாயை வரைந்தார்.

அவர் முதலில் உடைத்தது சதவீதத்தைத்தான். 70 சதவீத அடைப்பு என்றால் 30 சதவீத இரத்தம் போகிறது என்றுதான் நாம் எல்லோரும் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அந்த எண் குழாயின் விட்டத்தைக் குறிப்பது. விட்டம் 30 சதவீதமாகக் குறைந்தால் பரப்பு 9 சதவீதமாகிவிடும். ஆனால் ஓட்டம் அந்த விகிதத்தில் குறைவதில்லை. ஏனென்றால் தமனிக்குப் பின்னால் இருக்கும் நுண்குழாய்கள் விரிந்துகொடுத்து, ஓய்வு நேரத்து ஓட்டத்தைக் காப்பாற்றிவிடுகின்றன. தவிர, அந்தச் சதவீதம் பெரும்பாலும் கண்ணால் மதிப்பிடப்படுவது. பக்கத்துப் பகுதி நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அதனோடு ஒப்பிட்டுச் சொல்வது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனி முழுவதுமே சற்றுச் சுருங்கியிருந்தால், ஒப்பிடுவதற்கு நல்ல பகுதியே இருக்காது. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில், உடலில் பாய்ந்த அட்ரினலின் முதலியவற்றால் மற்றத் தமனிகளும் இறுகி, இருப்பதைவிடக் கூடுதலான சுருக்கத்தைக் காட்டக்கூடும். விடியற்காலையில் பார்த்த 75, சில வாரங்களில் 75 ஆகவே இருக்க வேண்டுமென்பதில்லை.

அப்படியென்றால் எதை அளப்பது? அழுத்தத்தை அளக்கலாம் என்றார். முனையில் அழுத்த உணரி பொருத்திய மெல்லிய கம்பி ஒன்று உண்டு. அதைச் சுருக்கத்தைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தி, அங்குள்ள அழுத்தத்தை மகாதமனியின் அழுத்தத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்கு எஃப்எஃப்ஆர் என்று பெயர். ஆரோக்கியமான தமனியில் அது 1. 0.80 அல்லது அதற்குக் கீழே இறங்கினால், அந்தச் சுருக்கம் தசைக்குப் போகும் இரத்தத்தைத் தடுக்கிறது என்று பொருள். நெதர்லாந்தின் நிகோ பைல்ஸும் பெல்ஜியத்தின் பெர்னார்ட் டி பிரய்னும் 1990-களில் வளர்த்தெடுத்த முறை இது. அளக்கும்போது அடினோசின் என்ற மருந்தைச் செலுத்தி, நுண்குழாய்களை முழுவதும் விரியவைத்து, ஓட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுபோவார்கள்.

இதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த அப்பா அப்போது வாயைத் திறந்தார். "பில்டருக்கு முன்னால ஒரு கேஜு, பின்னால ஒரு கேஜு. வித்தியாசம் அரைக் கிலோவுக்கு மேல போனா கழுவணும். அதானுங்களே?"

மருத்துவருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். எங்கள் சொட்டுநீர்ப் பாசனத்தில் மோட்டாருக்கு அடுத்தபடியாக ஒரு வடிகட்டி இருக்கிறது. ஏரித் தண்ணீரில் வரும் பாசியும் மண்ணும் அதில் தங்கும். உள்ளே போகும் இடத்திலும் வெளியே வரும் இடத்திலும் அழுத்தமானி உண்டு. அழுக்கு எவ்வளவு என்று வடிகட்டியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை, முள் இரண்டையும் பார்த்தால் போதும். அப்பா அதோடு நிற்கவில்லை. "கேட் வால்வைப் பாதி மூடி வெச்சுட்டுப் பார்த்தா எந்த பில்டரும் சுத்தமாத்தான் தெரியும். முழுசா தொறந்துவிட்டுத்தான் பார்க்கணும்" என்றார். மருத்துவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார். அடினோசின் எதற்கு என்பதை அவரால்கூட அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

அந்தப் பாதி மூடிய வால்வில்தான் மாரடைப்பு நோயாளிகளுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மாரடைப்பு நேர்ந்த சில நாட்களுக்கு, அடைபட்ட தமனியின் பகுதியில் மட்டுமல்லாமல் மற்றப் பகுதிகளிலும் நுண்குழாய்கள் தடுமாறிக்கிடக்கலாம். அடினோசின் கொடுத்தாலும் அவை முழுதாக விரிவதில்லை. ஓட்டம் உச்சத்துக்குப் போகாததால் அழுத்த இழப்பும் குறைவாகவே தெரியும். அன்று 0.83 காட்டிய சுருக்கம், ஒரு மாதம் கழித்து 0.79 காட்டக்கூடும். அடினோசின் இல்லாமல் ஓய்வு நிலையில் அளக்கும் ஐஎஃப்ஆர் போன்ற அளவுகளில் பிழை எதிர்த்திசையில் நேரலாம். அடிபட்ட இதயம் ஓய்விலேயே அதிகம் உழைப்பதால், சுருக்கம் இருப்பதைவிட மோசமாகத் தெரியும். ஆக, கண் ஒரு பக்கம் மிகைப்படுத்துகிறது, கம்பி ஒரு பக்கம் குறைத்துச் சொல்கிறது. எல்லைக்கோட்டின் அருகில் இருக்கும் சுருக்கங்களைச் சில வாரங்கள் கழித்து அளப்பதில் உள்ள நியாயம் எனக்கு இந்த இடத்தில்தான் விளங்கியது.

தள்ளிப்போட்டால் ஆபத்தில்லையா என்று கேட்டேன். அதற்கு அவர் 2019-இல் வெளியான கம்ப்ளீட் ஆய்வைச் சொன்னார். 31 நாடுகளில் 4,041 நோயாளிகள். ஒரு பாதியினருக்குக் காரணமான தமனி மட்டும் சரிசெய்யப்பட்டது. மறு பாதியினருக்கு மற்றச் சுருக்கங்களும் ஸ்டென்ட் வைத்துச் சரிசெய்யப்பட்டன, ஆனால் அதே அமர்வில் அல்ல. மருத்துவமனையில் இருக்கும்போதோ, வீட்டுக்குப் போன பிறகு, ஆய்வில் சேர்ந்த 45 நாட்களுக்குள்ளோ இன்னொரு முறை வரவழைத்துச் செய்தார்கள். ஏறத்தாழ மூன்றாண்டுக் கண்காணிப்பில், இதய நோயால் இறந்தவர்களும் மீண்டும் மாரடைப்பு வந்தவர்களும் சேர்ந்து முதல் பிரிவில் 10.5 சதவீதம், இரண்டாம் பிரிவில் 7.8 சதவீதம். இறப்பை மட்டும் பிரித்துப் பார்த்தால் பெரிய வேறுபாடில்லை. குறைந்தது புதிய மாரடைப்புகள்தான். முன்னதாகச் செய்தவர்களுக்கும் சற்றுத் தள்ளிச் செய்தவர்களுக்கும் பலன் ஒரேபோல இருந்தது. அன்று எங்களுக்கு, வீடு திரும்பி 19-ஆம் நாள்.

கம்பியால் அளந்து முடிவெடுப்பதா, படத்தைப் பார்த்தே முடிவெடுப்பதா என்பதில் மட்டும் மருத்துவ உலகம் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. பிரான்சில் 1,171 பேரிடம் நடந்த ஃபிளவர்-எம்ஐ ஆய்வில், கம்பியால் அளந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஓராண்டில் கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை. 2024-இல் வெளியான ஃபுல் ரிவாஸ்க் ஆய்வில், கம்பியின் துணையோடு மற்றத் தமனிகளையும் சரிசெய்ததால் இறப்பு, மாரடைப்பு, திட்டமிடாத மறுசிகிச்சை ஆகியவற்றின் மொத்தம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆனால் 75 வயதைக் கடந்த 1,445 பேரிடம் நடந்த ஃபயர் ஆய்வில், அழுத்தம் அல்லது ஓட்டத்தை அளந்து முழுமையாகச் சரிசெய்த பிரிவில் ஓராண்டு பாதிப்புகள் 21 சதவீதத்திலிருந்து 15.7 சதவீதமாகக் குறைந்திருந்தன. வயதானவர், அவருக்கு எதற்கு இனி என்று எங்கள் பக்கத்தில் சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பேச்சுக்கு இந்த ஆய்வு நல்ல பதில். எண்களை எல்லாம் வைத்துக்கொண்டு அந்த மருத்துவர் சொன்னது ஒன்றுதான்: பெரிய தமனியில், கண்ணுக்கே நன்றாகத் தெரியும் கடுமையான சுருக்கமென்றால் கம்பி தேவையில்லை, நடுத்தரமானவற்றிலும் சிறிய கிளைகளிலும் அளக்காமல் கைவைக்க அவர் விரும்பவில்லை.

மாரடைப்பு வந்த 37-ஆம் நாள், சேலத்தில் அந்த இரண்டாம் அமர்வு நடந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க என்னை அனுமதித்தார்கள். மணிக்கட்டு வழியாகக் குழாய் போயிற்று. திரையின் ஓரத்தில் இரண்டு நிறங்களில் இரண்டு அழுத்த அலைகள். கம்பி சுருக்கத்தைத் தாண்டும் முன் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி சரிசெய்தார்கள், பக்கத்தில் 1.00 என்ற எண் நின்றது. முதலில் இடது முன்புறத் தமனி. கம்பி சுருக்கத்தைக் கடந்ததும் எண் 0.91 ஆயிற்று. அடினோசின் ஏறத் தொடங்கியதும் அப்பா முகத்தைச் சுளித்தார். நெஞ்சை யாரோ அழுத்துவதுபோல் இருக்கும், இரண்டே நிமிடந்தான் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார்கள். இரண்டு அலைகளும் மெதுவாகப் பிரிந்தன. 0.86, 0.81, 0.77. கடைசியில் 0.74-இல் நின்றது. 60 சதவீதம் என்று எழுதப்பட்டிருந்த சுருக்கம் அது.

அடுத்து 75 சதவீதம் என்று எழுதப்பட்டிருந்த கிளை. அங்கே எண் 0.88-க்குக் கீழே இறங்கவே இல்லை. கம்பியைத் திரும்ப இழுத்தபோது 1.00 மீண்டும் வந்தது. அளவி நடுவில் பிசகவில்லை என்பதற்கு அது சான்று.

வெளியே வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, 60 எப்படி 75-ஐ மிஞ்சியது என்பதுதான். கேட்டு முடிப்பதற்குள் எனக்கே விடை தெரிந்துவிட்டது. ஒரு குறுகலில் ஏற்படும் அழுத்த இழப்பு, அதன் வழியே போகும் ஓட்டத்தைப் பொறுத்தது. முன்புறத் தமனி இதயத்தின் முன்சுவர் முழுவதற்கும் இரத்தம் கொண்டுபோவது. அதன் சுருக்கம் குட்டையானதும் அல்ல, நீளமானது. கிளையோ சிறிய தசைத் துண்டு ஒன்றுக்கு மட்டும் போவது. மூன்று ஏக்கருக்குப் போகும் பிரதான குழாயில் பாதி அழுக்கும், வெங்காயப் பாத்திக்குப் போகும் சிறு குழாயில் முக்கால் அழுக்கும் ஒன்றாகுமா? முன்புறத் தமனியில் ஸ்டென்ட் வைத்தார்கள். கிளையை விட்டுவிட்டார்கள். கம்ப்ளீட் ஆய்வின் விதிப்படி 70 சதவீதத்தைத் தாண்டியதால் கிளைக்கும் வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டுப் பார்த்தேன். அந்த ஆய்வு 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள தமனிகளைத்தான் எடுத்துக்கொண்டது, இது அதைவிடச் சிறியது என்றார். அவ்வளவு சிறிய கிளையில் வைக்கும் ஸ்டென்டுக்குள் பின்னாளில் மறுபடி சுருக்கம் விழுவதற்கும் வாய்ப்பு அதிகமாம்.

கம்பி சொல்லாத ஒன்றும் இருக்கிறது, அதை மறைத்து எழுத மனம் வரவில்லை. அழுத்தம் இன்றைய ஓட்டத்தை அளக்கும். கொழுப்புப் படிவின் மேல்தோல் நாளை கிழியுமா என்பதை அளக்காது. 697 நோயாளிகளை மூன்றாண்டு பின்தொடர்ந்து 2011-இல் வெளியான ப்ராஸ்பெக்ட் ஆய்வில், புதிய பாதிப்புகளில் ஏறத்தாழப் பாதி, முன்பு ஸ்டென்ட் வைக்காத இடங்களிலிருந்து வந்தன. அந்த இடங்கள் முதல் ஆஞ்சியோவில் சராசரியாக 32 சதவீதச் சுருக்கம் மட்டுமே காட்டியவை. எந்த மருத்துவரும் அன்று தொட்டிருக்க மாட்டார். அப்பாவுக்குப் 12 ஆண்டுகளாகச் சர்க்கரை. சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த கம்பைன் ஆய்வில், எஃப்எஃப்ஆர் நன்றாக இருந்தும் தமனிக்குள் ஒளி செலுத்திப் பார்த்தபோது மெல்லிய தோல் மூடிய படிவு இருந்தவர்களுக்கு, 18 மாதங்களில் 13.3 சதவீதம் பாதிப்பு. அத்தகைய படிவு இல்லாதவர்களுக்கு 3.1 சதவீதம். 0.88 என்பது அந்தக் கிளைக்கு வழங்கப்பட்ட நன்னடத்தைச் சான்றிதழ் ஆகாது.

அதற்குச் செய்யக்கூடியது மாத்திரைதான் என்று மருத்துவர் சொன்னபோது அப்பாவுக்கு ஏமாற்றம். மாத்திரையை அவர் எப்போதும் சிகிச்சையாகக் கருதியதில்லை, சிகிச்சை முடிந்தபின் கொடுக்கும் சில்லறையாகத்தான் கருதினார். ஸ்டாட்டின் கொழுப்பைக் குறைப்பதோடு படிவின் தோலையும் தடிப்பாக்குகிறது, ஸ்டென்ட் ஓரங்குல இடத்தைப் பார்த்துக்கொள்ளும், மாத்திரை எல்லாத் தமனிகளையும் பார்த்துக்கொள்ளும் என்று நான் பலமுறை சொன்ன பிறகு, "பில்டரை மட்டும் கழுவி என்ன, ஏரியில பாசி இருந்தா" என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். கெட்ட கொழுப்பான எல்டிஎல் அன்று 96 இருந்தது. 55-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று எசெட்டிமைப் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார்கள். பீடி போயிற்று. களியும் கீரைக் கடைசலும் முன்பும் இருந்தவைதான், ஊறுகாய் மட்டும் அம்மாவின் கைக்குப் போய்விட்டது.

இரண்டாவது டிஸ்சார்ஜ் சம்மரியை அங்கேயே உட்கார்ந்து, மருத்துவரின் உதவியாளரோடு சேர்த்து வரிவரியாகப் படித்தேன். மூன்று தமனிகளுக்கும் எதிரே மூன்று குறிப்புகள் இருந்தன. கிளைக்கு எதிரே 0.88, மருந்துச் சிகிச்சை, வலி வந்தால் மறுபரிசீலனை என்று இருந்தது. அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார் அப்பா. மோட்டார் அறைச் சுவரில், வடிகட்டி கழுவிய தேதிகளைக் கரிக்கோடாக எழுதிவைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், அந்தத் தாள் இப்போது ஆணியில் தொங்குகிறது. ஆறாம் மாத இரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் 61. அதையும் அவர் கீழே எழுதியிருக்கிறார், 55 என்று பக்கத்தில் குறித்து வட்டம் போட்டு.